அப்பாவின் குவார்ட்டரும் சித்தியின் கட்டிங்கும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது: "எங்க அப்பா விசைப்படகுக்குப் போறவர். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து தினம் ஒரு குவார்ட்டர். 30 வருஷம் ஆச்சு, இன்னும் வலை இழுக்கிறார். எங்க சித்தி கடல்பாசி எடுக்கப் போவாங்க. சித்தப்பா செத்த பிறகு ராத்திரியில கொஞ்சம் குடிக்க ஆரம்பிச்சாங்க. நாலே வருஷம், ஈரல் கெட்டுப்போய் இறந்துட்டாங்க. வயசு 43. பொம்பளை உடம்பு அவ்வளவு பலவீனமா? அப்போ அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதா?"

நான் இந்தக் கரையில் 28 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள். வாசலில் நின்றபடி பேச்சுக் கொடுத்தாலே எந்த வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு கேள்விக்கும் என் பதில் "இல்லை" என்பதுதான். சித்தியின் உடம்பு பலவீனமும் இல்லை, அப்பாவின் உடம்பு இரும்பும் இல்லை. சித்தி குடித்தது "கொஞ்சம்" என்று நீங்கள் சொல்வதில்தான் சிக்கலே இருக்கிறது. நம் ஊரில் சாராயத்தை யாரும் அளவாகப் பேசுவதில்லை, பாட்டிலாகத்தான் பேசுகிறோம். அதனால் முதலில் கணக்குப் போட்டுவிடுவோம்.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது அந்தப் பாட்டிலில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. எடையில் 60 கிராம். அதில் பாதியான கட்டிங்கில் 30 கிராம். "பீர்தானே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை இருக்கும், அதில் 40 கிராம். கட்டிங்கை விட அதிகம். கள்ளு மருந்து என்று சொல்லும் பெரியவர்கள் சாயல்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். 1987இலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆனாலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. பனங்கள்ளு 5 சதவீதம் என்று வைத்தால் ஒரு லிட்டரில் 40 கிராம் வரும். ஈரலுக்கு அது பனையிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று தெரியாது.

இந்தக் கிராம்கள் உடம்புக்குள் போனதும் கொழுப்பில் அவ்வளவாகச் சேராது, தண்ணீரில்தான் பரவும். ஆண் உடம்பில் நூற்றுக்கு 60 பங்கு தண்ணீர். பெண் உடம்பில் கொழுப்பு கூடுதல் என்பதால் தண்ணீர் சுமார் 50 பங்குதான். உங்கள் அப்பா 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்: 42 லிட்டர். சித்தி 48 கிலோ என்றால் 24 லிட்டர். ஒரே கைப்பிடி உப்பைப் பெரிய அண்டாவிலும் சின்னக் குடத்திலும் கரைத்தால் எது அதிகம் கரிக்கும்? அவ்வளவுதான் விஷயம். சித்தி குடித்த ஒரு கட்டிங், அப்பா உடம்பில் ஒன்றே முக்கால் கட்டிங் செய்யும் வேலையைச் செய்திருக்கும். இருவருக்கும் ஒரே எடை என்றாலும்கூட பெண்ணின் ரத்தத்தில் ஏறும் அளவு கூடுதலாகவே இருக்கும்.

இதற்கு மேல் இன்னொன்று. ஆல்கஹாலை உடைக்கும் என்சைம் ஈரலில்தான் பெருமளவு இருக்கிறது. ஆனால் வயிற்றுச் சுவரிலும் கொஞ்சம் உண்டு, அது வாசற்காவல் மாதிரி. பெண்களின் வயிற்றில் இந்தக் காவல் குறைவு என்று 1990இல் ஒரு இத்தாலிய ஆய்வு சொன்னது. அதன் பங்கு பெரிதா சிறிதா என்று வாதம் இன்றும் ஓயவில்லை. எனக்கு அந்த வாதத்தை விட அதன் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன விஷயம் முக்கியம்: சாப்பிட்ட வயிற்றில் குடித்தால்தான் அந்தக் காவலுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் சரக்கு நேராகச் சிறுகுடலுக்கு இறங்கி ரத்தத்தில் ஏறிவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா எப்படிக் குடிக்கிறார்? சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, கணக்குத் தீர்த்த கையோடு, நாலு பேரோடு, சுண்டல், அவிச்ச முட்டை, வறுத்த மீன், பேச்சு, சிரிப்பு, சண்டை என்று ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சித்தி எப்படிக் குடித்திருப்பார்? பிள்ளைகள் தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடி, ஒரே மடக்கில். தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. வாசம் தெரியக்கூடாது என்று ஒரு வெற்றிலை. ஆணுக்குக் குடி ஒரு கூட்டம், பெண்ணுக்கு அது ஒரு ஒளிவு. ஒளித்துக் குடிக்கிறவர் வேகமாகவும் வெறும் வயிற்றிலும்தான் குடிப்பார். ரத்தத்தில் ஏறும் உச்சம் அதனாலேயே இன்னும் கூடும். இதை எந்த என்சைம் கணக்கிலும் எழுத முடியாது.

ஈரலுக்கு வருவோம். ஆணுக்குத் தினம் 40 முதல் 60 கிராம் வரையும், பெண்ணுக்கு 20 முதல் 30 கிராமும் தாண்டிப் பல வருடம் குடித்தால் ஈரல் சுருங்கும் நோய், அதாவது சிரோசிஸ், வரும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது என்று மருத்துவத்தில் பொதுவாகச் சொல்வார்கள். ஒரு கட்டிங் என்பதே 30 கிராம். ஆக, ஊர் "கொஞ்சம்" என்று சொல்லும் அளவே ஒரு பெண்ணுக்கு அபாயக்கோடு. உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் என்று ஆரம்பித்தால் அதிலேயே எத்தனை பேர் நிற்கிறார்கள், அதையும் யோசியுங்கள். பெண்களுக்கு ஈரல் கெடுவது குறைந்த அளவிலேயே, குறைந்த வருடங்களிலேயே நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும்போது குடலிலிருந்து கசியும் கிருமி நஞ்சுகளுக்கு ஈரல் அதிகமாகச் சீறுகிறது என்று விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. பழக்கம் நோயாக மாறுவதும் அப்படித்தான். முதல் மடக்கிலிருந்து "இல்லாமல் முடியாது" என்ற நிலைக்கு வர ஆண் எடுத்துக்கொள்ளும் காலத்தைவிடப் பெண் எடுத்துக்கொள்ளும் காலம் குறைவு என்பதைச் சிகிச்சைக்கு வருபவர்களிடம் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. உங்கள் சித்தியின் நாலு வருடம் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். தீவுப் பக்கம் ஒரு குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருந்தார். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்ற கடல்பாசிகளை எடுக்கப் போவார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, பாறையில் கிழியாமலிருக்க விரல் பத்திலும் துணிச்சுற்று, இடுப்பில் பை. காலையில் வள்ளத்தில் ஏறினால் நாலைந்து மணி நேரம் கழுத்தளவுத் தண்ணீர். மூச்சை அடக்கி முங்கி முங்கி எழ வேண்டும். கரைக்கு வரும்போது உதடு நீலம் பாய்ந்திருக்கும். ஒரு மாதம் "பசியே இல்ல சிஸ்டர்" என்றார். வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை கொடுத்தேன். அடுத்த மாதம் கணுக்காலில் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. உப்பைக் குறைக்கச் சொன்னேன். மூன்றாவது முறை போனபோது கண் மஞ்சள். அதற்குள் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையில் வயிற்றிலிருந்து நீர் எடுத்த பிறகுதான் ஒரு சின்ன டாக்டர், பயிற்சிக்கு வந்த பிள்ளை, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டது: "அம்மா, குடிப்பீங்களா?" அக்கா என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் ஒருமுறைகூட நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதே அறிகுறிகளோடு அவர் புருஷன் வந்திருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பெண்களை அந்த ஒளிவும் வெட்கமும் கொல்கிற அளவுக்குத் தண்ணீர்க் கணக்கு கொல்வதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரை உள்ள ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம் மது அருந்துவதாக வந்தது. 17 ஆணுக்கு ஒரு பெண். நம் கரையில் அந்த ஒரு பெண், கணக்கெடுக்க வந்தவரிடம் "ஆமாம்" என்று சொல்லியிருப்பாரா? பதினேழு பேருக்கு மத்தியில் ஒளிந்திருக்கும் அந்த ஒருவருக்கு மறுவாழ்வு மையத்தில் படுக்கை கிடைப்பதும் சுலபமில்லை. பெரும்பாலானவை ஆண்களுக்கென்றே நடக்கின்றன.

சரி, அப்பா. "30 வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலை" என்ற வார்த்தையை எத்தனை திண்ணையில் கேட்டிருப்பேன்! படகுத்துறையில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லாரும் திடமாகத்தான் தெரிவார்கள். கூடக் குடித்தவர்களில் இன்று நிற்காதவர்களையும் எண்ணச் சொல்லுங்கள். நடுக்கடலில் தவறி விழுந்தவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கோடு போனவர், நாற்பதில் நெஞ்சைப் பிடித்தவர், தூக்கில் தொங்கியவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம். அதில் 20 லட்சம் ஆண்கள். ஒரு கிளாஸ் பெண்ணுக்கு அதிகக் கேடு செய்கிறது என்பதும் உண்மை, செத்தவர்களில் பெரும்பங்கு ஆண்கள் என்பதும் உண்மை. ஆண்கள் அவ்வளவு குடிக்கிறார்கள், குடித்துவிட்டு அவ்வளவு ஆபத்தில் இறங்குகிறார்கள்.

கடல் தொழிலுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹால்தான் கழிக்கும். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் குளித்தாலும் அந்த வேகம் மாறாது. ஒரு குவார்ட்டர் கழிய 6 மணியிலிருந்து எட்டரை மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்தவர் விடியற்காலை ஐந்து மணிக்குப் படகேறும்போது போதை போனதாக நினைத்துக்கொள்வார். ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம். அந்த நிலையில் வலை இழுக்கும் வின்ச் இயந்திரம் ஓடும்போது கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்குக் குடிக்கிறோம் என்பதும் ஏமாற்று. ஆல்கஹால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு ஏறுவது போலத் தெரியும். உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியே போகிறது. வாடைக்காற்றில் நனைந்த உடம்புக்கு அது நேர் எதிரி.

உடம்புக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஈரல் வாயில்லாத உறுப்பு. பாதிக்கு மேல் கெடும்வரை சத்தம் போடாது. வலை இழுப்பதை வைத்து ஈரலை அளக்க முடியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கணையம் மட்டும் வாயுள்ளது. நன்றாகக் குடித்த ஒரு நாளின் மறுநாள், மேல்வயிற்றில் கத்தி செருகியது போல வலி, முதுகுக்குப் பாயும், வாந்தி நிற்காது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்கும். மதுவால் வரும் இந்தக் கணைய அழற்சி ஆண்களிடம்தான் அதிகம். கேஸ் என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுத்த இரண்டு பேர் எனக்குத் தெரிந்து பிழைக்கவில்லை. ரத்த அழுத்தம், தாளம் தப்பும் இதயம், பீடியோடு சேர்ந்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய், இதெல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. இதயத் தசை தளர்வது ஆணுக்கும் வரும். பெண்ணுக்கு வாழ்நாளில் குடித்த மொத்த அளவு குறைவாக இருக்கும்போதே வந்துவிடும்.

ஆண்கள் வெளியில் பேசவே மாட்டாத ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொடர்ந்து குடித்தால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையும். விரை சுருங்கும். விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் குறையும். ஈரலும் கெட்டுவிட்டால் உடம்பில் பெண் ஹார்மோனின் பங்கு கூடி, மார்பு பெருக்கும். துறையில் சட்டையில்லாமல் நிற்கும்போது பசங்கள் கேலி செய்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். அது ஈரல் அனுப்பும் தந்தி என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆசை இருக்கும், உடம்பு ஒத்துழைக்காது. அதைத் தைரியப்படுத்த இன்னும் ஒரு கட்டிங். அப்புறம் மனைவி மேல் சந்தேகம். குடிநோயில் வரும் சந்தேகப் புத்திக்கு இந்த இயலாமைதான் பாதிக் காரணம் என்பது என் அனுபவம்.

குழந்தை இல்லாத வீடுகளை நினைத்துப் பாருங்கள். நம் ராமேஸ்வரத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்து 22 தீர்த்தம் ஆடி நாகர் வைத்துவிட்டுப் போகிறார்கள். உள்ளூர்ப் பெண்களும் கோயில், தர்கா, மாதா என்று ஒன்று விடாமல் நேர்ந்துகொள்வார்கள். ஸ்கேன் எடுப்பார்கள், மாத்திரை விழுங்குவார்கள், மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆறு வருடம் இப்படி அலைந்த ஒரு பெண்ணின் கணவரிடம் விந்துப் பரிசோதனைக்குச் சொன்னபோது "எனக்கென்ன குறை" என்று எழுந்து போய்விட்டார். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும். மூன்று மாதம் சுத்தமாக நிறுத்திவிட்டுப் பரிசோதித்தாலே பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். அந்த மூன்று மாதத்தை யாரும் ஒரு வைத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை.

பெண் பக்கத்தில் மாதவிலக்கு தப்பும், கரு தங்காமல் போகும், எலும்பு தேயும். மார்பகப் புற்றுநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். தினம் 10 கிராம் குடித்தாலே அதன் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து சதவீதம் வரை கூடுகிறது. 10 கிராம் என்றால் கட்டிங்கில் மூன்றில் ஒரு பங்கு. சாராயம் ஈரலுக்குக் கெடுதல் என்று எல்லாருக்கும் தெரியும். மார்பகத்துக்கும் கெடுதல் என்று படித்தவர்களுக்கே தெரிவதில்லை. கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. தாய் குடிப்பது தொப்புள்கொடி வழியாக அப்படியே குழந்தைக்குப் போகும். அதைக் கழிக்கும் ஈரல் குழந்தைக்கு இன்னும் முதிரவில்லை. எடை குறைந்து, முக அமைப்பு மாறி, மூளை வளர்ச்சி தடைப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் நிலைக்கு 1973இல்தான் மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். நம் பக்கம் பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு என்று சொல்லி இரண்டு மூடி பிராந்தி கொடுக்கும் பழக்கம் இருந்தது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவோ, தாய்ப்பாலிலும் ஏறத்தாழ அவ்வளவு. சளிக்கு என்று கைக்குழந்தை நாக்கில் தொட்டு வைப்பதைக் கண்டால் நான் பாட்டியென்றும் பார்க்காமல் திட்டிவிடுவேன்.

இனி நிறுத்துவது பற்றி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் பயந்த இடம் இதுதான். சித்தி செத்த அதிர்ச்சியில் நாளைக்கே அப்பாவைச் சாமி முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிவிடாதீர்கள். 30 வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை. ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து சிலருக்குப் பூச்சி ஊர்வது போல, ஆள் நிற்பது போல, யாரோ கூப்பிடுவது போலத் தெரியும், காய்ச்சல், படபடப்பு. கவனிக்காவிட்டால் உயிரே போகும். தங்கல், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவர் மூன்றாம் நாள் கடலில் வலிப்பு வந்து சரிவதும், 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் நின்றவர் நாலாம் நாள் "பேய் பிடித்து" ஆடுவதும் இதனால்தான். 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியில் கடைகள் மூடியபோது அந்த முதல் வாரத்தை நான் மறக்க மாட்டேன். அந்த மாதிரி நேரத்தில் ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகிறார்கள். நம்பிக்கையோடு போவதை நான் குறை சொல்லவில்லை. போகிற வழியில் ஆஸ்பத்திரியில் நிறுத்துங்கள், முதலில் ஊசி. அங்கேயே தர்காவை ஒட்டி அரசு மனநல சிகிச்சையும் கிடைக்கிறது.

ஆஸ்பத்திரியில் இன்னொன்று. தளர்ந்து வந்தவரைப் பார்த்ததும் உறவுக்காரர்கள் "குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்" என்று நிற்பார்கள். நாள்பட்டுக் குடித்தவருக்குத் தயாமின் என்னும் பி1 வைட்டமின் காலியாகியிருக்கும். அந்த ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளையைத் தாக்கும்: கண் அலைபாயும், நடை தள்ளாடும், சற்றுமுன் சாப்பிட்டது மறந்துபோகும். சில பேருக்கு அந்த மறதி திரும்புவதே இல்லை. "தினம் குடிக்கிறவர், பி1 போட்டீங்களா" என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரைவிட, கேளாமல் விட்ட நீங்கள்தான் பின்னால் அதிகம் வருந்துவீர்கள்.

மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் "குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்க வைக்கலாம்" நோட்டீஸை உங்கள் அம்மா பார்த்திருப்பார். குழம்பில் கலக்கும் அந்தப் பொடியை வாங்கவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டியவனே சொல்ல மாட்டான். டைசல்பிரம் என்ற மாத்திரையாக இருந்தால், அதைத் தின்றது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் நின்றுகூடப் போகலாம். நல்ல மருந்துதான், டாக்டர் பார்வையில், குடிப்பவரே சம்மதித்துத் தின்றால்.

சென்னையில் குடிநோய்க்கென்று டி.டி.கே. மருத்துவமனையை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். இது கெட்ட பழக்கமல்ல, நோய் என்று நம் மாநிலத்தில் சத்தமாகச் சொன்னவர்களில் முக்கியமானவர். அந்த அளவு தூரம் போக வேண்டிய அவசியம் இன்று இல்லை. ராமநாதபுரத்தில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநலப் பிரிவில் போய்க் குடியை நிறுத்த வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். போக வெட்கமாக இருந்தால் முதலில் அரசு மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கடலுக்குப் போகாத ஒரு நாளாகப் பார்த்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அளவைக் கேட்டால் "எப்பவாவது கொஞ்சம்" என்பார். நீங்கள் பக்கத்தில் நின்று "தினம் ஒரு குவார்ட்டர், 30 வருஷமா" என்று சொல்லுங்கள். ஈரல் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் சர்க்கரையும் கேளுங்கள். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளா, உள்ளங்கை சிவந்திருக்கிறதா, நெஞ்சில் சிலந்தி மாதிரி சின்னச் சிவப்பு நரம்புகள் தெரிகிறதா என்று இப்போதே வீட்டில் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. 30 வருடம் தினம் ஒரு குவார்ட்டர் என்றால் அந்தக் காசு ஏதோ ஒரு தட்டிலிருந்துதான் போயிருக்கும், அது பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிடுகிறவர் தட்டு. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. அப்பாவுக்குச் சீட்டுப் போடும்போதே அம்மா பெயரிலும் ஒரு சீட்டுப் போட்டு, ஹீமோகுளோபினும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். தூங்குகிறாரா என்று கேளுங்கள். சித்தியிடம் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியையும், கதவைச் சாத்திவிட்டு, தனியாகக் கேளுங்கள்.